ரோட்டர் முந்தட்டும், சக்கரம் பிந்தட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பனை ஓலையைக் கிழித்து மடித்து, நடுவில் ஒரு வேலமுள்ளைக் குத்தி, கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் காற்றாடி சுழலும். நம் ராமநாதபுரம் கடற்கரையில், சாயல்குடிப் பக்கமும் பெரியபட்டினம் பக்கமும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டம் நின்றால் காற்றாடியும் நின்றுவிடும். கைரோப்ளேன் என்கிற சின்ன வானூர்தியின் தலைக்கு மேல் சுற்றும் ரோட்டரும் இந்த ஓலைக் காற்றாடியின் இனம்தான். ஹெலிகாப்டரில் ரோட்டரை எஞ்சின் சுற்றுகிறது. கைரோவில் எஞ்சினுடைய வேலை, பின்னால் இருக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றி வண்டியை முன்னே தள்ளுவது மட்டும். பின்பக்கம் சாய்ந்திருக்கும் ரோட்டருக்குள் காற்று கீழிருந்து மேலாகப் புகுந்து, அதுவாகச் சுழற்றி, வண்டியையும் தூக்குகிறது. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியெர்வா 1923-இல் இதைப் பறக்கவிட்டுக் காட்டினார். 1950-களில் அமெரிக்காவில் இகோர் பென்சன், வீட்டுப் பட்டறையிலேயே பூட்டிக்கொள்ளும்படி இதை எளிமையாக்கினார்.

அலுமினியச் சட்டம், நடுவில் மாஸ்ட் என்கிற ஒரு கம்பம், உச்சியில் இரண்டு பிளேடு, மூன்று சக்கரம். பார்க்க அவ்வளவு எளிமை. அந்த எளிமைதான் ஆளை ஏமாற்றுகிறது. பறக்கத்தானே பயிற்சி வேண்டும், தரையில் உருட்ட என்ன பயிற்சி என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் பிளேடு உடைவதும் முதல் முறை வண்டி கவிழ்வதும் பெரும்பாலும் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான். ஆகவே இன்றைய பேச்சு முழுக்கத் தரையைப் பற்றியது.

அதற்கு முன் சட்டத்தை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பதிவும் உரிமமும் இல்லாமல் இந்தியாவில் இப்படிப்பட்ட வானூர்தி தரையை விட்டு எழும்பக் கூடாது. அதைப் பார்ப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். நம் கடற்கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. எதிரே சர்வதேசக் கடல் எல்லை. எனவே ரோட்டரை மாட்டுவதற்கு முன்பே எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள், காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். சும்மா உருட்டிப் பார்க்கிறேன் என்ற பேச்சு எடுபடாது, ஏனென்றால் சுழலும் ரோட்டரோடு உருளும் வண்டி தானாகவே எழும்பிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தரையில் கைரோவுக்கு வரும் பெரிய ஆபத்து பிளேடு அடித்துக்கொள்வது. காரணத்தை ஒரு கணக்காகவே பார்க்கலாம். ரோட்டரின் விட்டம் 7 மீட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 79 கிலோமீட்டர். அந்த நேரத்தில் வண்டியை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? முன்னோக்கி வரும் பிளேடின் நுனி 109 கிலோமீட்டர் காற்றைச் சந்திக்கும். பின்னோக்கிப் போகும் பிளேடுக்குக் கிடைப்பது 49 மட்டும். தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். போதாததற்கு, பின்னோக்கிப் போகும் பிளேடின் உட்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் காற்று பின்விளிம்பிலிருந்து அடிக்கிறது. அதே 30 கிலோமீட்டரை ரோட்டர் 300 சுற்றில் இருக்கும்போது ஓட்டுங்கள். நுனிவேகம் 396, வித்தியாசம் 426-க்கும் 366-க்கும் இடையில். ஒன்றரை மடங்கு கூட வராது.

இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் இரண்டு பிளேடும் ஒரே கட்டையாக, நடுவில் ஒரு போல்ட்டில், ஏற்றப்பலகை போல ஆடும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு பிளேடு ஏறினால் மற்றது இறங்கும். ஆனால் அந்த ஆட்டத்துக்கு எல்லை உண்டு, இருபுறமும் தடுப்புக் கட்டை இருக்கிறது. மெதுவாகச் சுற்றும் பிளேடு தொய்வாகவே இருக்கும், அதை விறைப்பாக இழுத்துப் பிடிப்பது சுழற்சியின் வேகம்தான். சுற்று குறைவு, உருளும் வேகம் அதிகம் என்றால் ஆட்டம் எல்லையைத் தாண்டித் தடுப்பில் மோதும். முதலில், ரோட்டரைச் சாய்க்கும் பிடியான ஸ்டிக் கையில் நடுங்கும். அடுத்து டக், டக் என்று உதைக்கும். அதற்கும் பிறகு நேரம் இல்லை. பிளேடு வளைந்து வால்பகுதியையோ புரொப்பெல்லரையோ தரையையோ வெட்டும்.

நடுக்கம் தெரிந்த அந்த நொடியில் கை என்ன செய்ய வேண்டும்? ஸ்டிக்கை முன்னே தள்ளுங்கள், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுக்க மூடுங்கள், இரண்டும் ஒன்றாக. வண்டி நேராக உருண்டு வேகம் குறையட்டும். திருப்பாதீர்கள். மாட்டு வண்டியில் தலைக்கயிற்றை இழுத்து நிறுத்திப் பழகிய ஊர் நம் ஊர், பதற்றத்தில் கை தானாகப் பின்னே இழுக்கும். இங்கே இழுத்தால் ரோட்டர் இன்னும் சாய்ந்து, இன்னும் காற்றை வாங்கி, அடி பலமாகும். முன்னே தள்ளினால் ரோட்டர் தட்டையாகி, கீழிருந்து புகும் காற்று குறையும். நின்ற பிறகு ‘தப்பித்தோம்’ என்று மறுபடி கிளம்பிவிட வேண்டாம். தடுப்புக் கட்டையில் புதுத் தழும்பு இருக்கிறதா, நடு போல்ட் வளைந்திருக்கிறதா, பிளேடின் அடிப்பகுதியில் மயிரிழை விரிசல் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் மறு ஓட்டம்.

பழகும் வரிசை முக்கியம். முதல் சில நாள்கள் பிளேடே வேண்டாம், கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். வெறும் சட்டமும் எஞ்சினுமாக 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் நேர்கோட்டில் போய் வாருங்கள். இடது கையில் திராட்டில், வலது கையில் ஸ்டிக், காலில் திசை. மோட்டார் சைக்கிளின் வலது கை முறுக்கு ஊறிப்போனவருக்கு இது புதுக் கணக்கு. வீட்டில் பூட்டிய வண்டியில் ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள். இடது காலை அழுத்தினால் மூக்குச் சக்கரமும் வால் சுக்கானும் இரண்டுமே வண்டியை இடதுபக்கம் திருப்ப வேண்டும். சக்கரத்தை நேரடியாகக் கால்கட்டையில் பூட்டிய சில அமைப்புகளில் சக்கரம் ஒரு பக்கமும் சுக்கான் மறு பக்கமும் இழுக்கும். எஞ்சின் அணைக்கும் சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை தொட்டுப் பழகுங்கள். இரட்டை இக்னிஷன் என்றால் இரண்டு சுவிட்சும். திராட்டில் முழுக்கத் திறக்காதபடி ஒரு தடுப்புத் திருகு போட்டுவைப்பது நல்லது.

அடுத்தது பிளேடு மாட்டுவது. மாட்டியதும் தூண்டில் நரம்பை ஒரு பிளேடு நுனியின் குறியிலிருந்து மறு பிளேடு நுனியின் குறி வரை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அந்த நரம்பு நடுக்கட்டையின் மையக் குறிக்கு நேர் மேலே போக வேண்டும். நாலைந்து மில்லிமீட்டர் விலகினாலும் சுழலும்போது ஸ்டிக் வட்டமாகக் கலக்கும். பழகாதவருக்கு அந்தக் கலக்கலும் ஆபத்து நடுக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். அதனால்தான் இதில் கண்டிப்பு வேண்டும் என்கிறேன். நடு போல்ட்டின் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கட்டும், ஒருமுறை விரித்ததை மறுபடி போடக் கூடாது. இறுக்கிய நட்டின் மேல் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தால், நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் எஞ்சினை ஓட்டாமல், மூக்கைக் காற்றுக்கு நேராக நிறுத்தி, ஸ்டிக்கை முன்னே வைத்து, கையுறை போட்ட கையால் பிளேடைத் தள்ளித் தள்ளிச் சுழற்றுங்கள். நொடிக்கு இரண்டு பிளேடு தலைக்கு மேல் போனால் 60 சுற்று. காதால் எண்ணிப் பழகினால் மீட்டரைப் பார்க்கக் கண்ணை இறக்க வேண்டியிருக்காது. பிறகு ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே கொண்டுவந்தால் காற்று பிளேடைப் பிடித்துச் சுற்று ஏறுவது கையிலேயே தெரியும்.

அந்தக் கைப்பழக்கம் வந்த பிறகுதான் எஞ்சினோடு உருளுவது. 60 சுற்றில் மனிதன் நடக்கும் வேகம், அதற்கு மேல் வேண்டாம். 100 தாண்டினால் மெல்லோட்டம். 150 தாண்டிய பிறகுதான் சைக்கிளை விரட்டும் வேகம். உங்கள் வண்டியின் பாகங்களோடு வந்த கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சரி. சுற்று ஏறாமல் அதே இடத்தில் நின்றால் வேகத்தைக் கூட்டி ஏற்றப் பார்க்காதீர்கள், திராட்டிலைக் குறைத்துக் காத்திருங்கள். எஞ்சினிலிருந்து ரோட்டருக்கு முன்சுழற்சி கொடுக்கும் அமைப்பு இருந்தால் வேலை சுலபம், ஆனால் ஆபத்து போய்விடாது. அதை விடுவித்த பிறகு தாமதித்தால் சுற்று இறங்கிவிடும். பழைய எண்ணை நம்பித் திராட்டிலைத் திறப்பவர்தான் அடி வாங்குகிறார்.

200-க்கு மேல் சுற்று போனால் மூக்கு எழும்பும். பின் இரண்டு சக்கரத்தில் மட்டும் உருண்டு, மூக்குச் சக்கரத்தை நாலு விரல் உயரத்தில் பிடிப்பது ஒரு பயிற்சி. இதைத் தனியாகச் செய்யாதீர்கள். இரட்டை இருக்கை வண்டியில் பயிற்றுநரோடு பழகிய பிறகுதான். மூக்கு மேலே போய், போதுமான வேகம் இல்லாமல் வண்டி ஒரு முழம் எழும்பி, பக்கவாட்டில் சரிந்து விழுவது இந்தக் கட்டத்தில்தான்.

காற்றைப் பற்றி நம் மீனவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது, அவர்களிடம் கேளுங்கள். வைகாசி கடைசி முதல் கச்சான் காற்று புரட்டாசி வரை அடிக்கும், ஐப்பசிக்குப் பிறகு வாடை. பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்துகிறார்கள். கைரோவுக்கு அதில் நாலில் ஒரு பங்கே அதிகம். பழகுவதற்கு மாசி, பங்குனிக் காலைகள்தான் தோது, அதிலும் கடல்காற்று கிளம்புவதற்கு முன்னால். உடைமரத்தின் இலையும் சிறுகொப்பும் ஓயாமல் அசைந்தால் காற்று 12-லிருந்து 19 கிலோமீட்டர். கைப்பழக்கத்துக்கு அதில் கீழ்ப்பாதி போதும். புழுதியும் காகிதமும் பறந்தால் 20 தாண்டிவிட்டது, அன்று பிளேடைக் கட்டிப்போடுங்கள். சீராக அடிக்கும் 15-ஐ விட, 5-க்கும் 15-க்கும் தாவும் காற்று மோசம். பனைக்கூட்டம், உப்பளக் கொட்டகை இவற்றின் மறைவில் அப்படித்தான் தாவும்.

இடமும் அப்படித்தான். வறண்ட உப்புத்தரை பளிங்கு மாதிரி தெரியும், மேல் பொருக்குக்குக் கீழே களி. கண்மாய் உள்வாயில் கோடை வெடிப்பு மூக்குச் சக்கரத்தை விழுங்கும் அகலத்துக்கு இருக்கும். ஆகவே முதலில் நடந்து பாருங்கள், முழு நீளமும். சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்குங்கள், ஒரு பக்க டயர் காற்றிறங்கினால் சுழலும் ரோட்டரோடு வண்டி அந்தப் பக்கம் சாயும். சட்டைப்பையில் செல்போன், கழுத்தில் துண்டு எதுவும் வேண்டாம். பின்னால் புரொப்பெல்லர் இருப்பதால், உங்களிடமிருந்து நழுவும் எதுவும் நேரே அதற்குள்தான் போகும்.

ஓட்டம் முடிந்து திரும்பும்போதுதான் அசட்டை வருகிறது. ரோட்டர் இன்னும் வேகமாகச் சுற்றும்போது சட்டென்று திருப்பினால் வண்டி கவிழும், நடை வேகத்துக்கு வந்த பிறகே திருப்புங்கள். பக்கக் காற்றில் ஸ்டிக் காற்று வரும் பக்கம் சாய்ந்திருக்கட்டும். முதுகுக் காற்றில் வேகம் குறைந்த ரோட்டரோடு உருளாதீர்கள். நின்றதும் மூக்கு காற்றைப் பார்க்க, பிளேடு நிற்கும் வரை ஸ்டிக்கை விடாமல் பிடித்திருங்கள். ஸ்டிக் முன்னே இருக்கும்போது பிளேடு நுனி முன்பக்கம் தாழ்ந்து ஆள் தலை உயரத்துக்கே வரும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் ஆட்டு மந்தையும் ஓடி வருவது அந்த நேரத்தில்தான். ஐம்பது மீட்டருக்கு அப்பால் கயிறு கட்டி, அதற்கென்றே ஓர் ஆளை நிறுத்துங்கள். பிளேடும் புரொப்பெல்லரும் இரண்டும் நின்ற பிறகு, நீங்கள் கை காட்டினால் மட்டும் அவர் ஆளை விடட்டும்.

பிளேடை முன்பின்னாக நேராக்கி, பின் பிளேடைச் சட்டத்தோடு கட்டுங்கள். பிறகு உப்பைத் துடைப்பது. நம் போர்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு, அதில் கழுவினால் கடல் விட்டதைக் கிணறு பூசிவிடும். மழைநீரோ காவிரிக் குடிநீரோ ஒரு வாளி போதும். எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் நுழையும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. துடைத்துவிட்டுப் போய்விடாமல் அந்தப் போல்ட்டை உருவி, துளையின் உட்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அந்தத் துண்டை மாற்றும் வரை வண்டி கொட்டகையிலேயே இருக்கட்டும்.

வணக்கம்.