அக்கன் குடுத்தனவும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் தையல்நாயகி. அது வைத்தீசுவரன்கோயில் அம்மனின் பெயர் என்பது இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஆனால் அப்பெயர் எனக்குக் கோயிலிலிருந்து நேராக வரவில்லை. என் தந்தையைப் பெற்ற அப்பாயியின் வழியாக வந்தது. மாமியாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தமையால், என் தாயார் தம் இறுதிக்காலம் வரையில் என்னை அம்மாளு என்றே அழைத்தார். பள்ளியில் சேர்க்கச் சென்ற அன்று தலைமையாசிரியர் பிள்ளையின் பெயரைக் கேட்க, அம்மா வாய் திறவாமல் அருகில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பேரன், பேத்தி என்று நாள்தோறும் சொல்கிறோமே, அவை பெயரன், பெயர்த்தி என்ற சொற்களின் பேச்சு வடிவங்கள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. உறவுக்கு இட்ட சொல்லிலேயே பெயர் உட்கார்ந்திருக்கிறது. அரசாண்டவர்களின் வீட்டிலும் இதே வழக்கம்தான் இருந்தது என்பதை ஒரே ஒரு பெண்பெயரை வைத்துக்கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன். அந்தப் பெயர் குந்தவை.

குந்தவை என்றதும் உங்களில் பலருக்கு, 1950 முதல் 1954 வரையில் கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வன் தொடர்கதையில் வரும் இளவரசி நினைவுக்கு வந்திருப்பார். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தாங்கியவர் ஒருவர் அல்லர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது பாட்டியிடமிருந்து பேத்திக்கும் அத்தையிடமிருந்து மருமகளுக்கும் கைமாறி வந்த பெயர். பழைய கல்வெட்டுகளில் குந்தவ்வை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைக் கண்டவுடனே பெயரின் பின்பாதி விளங்கிவிடும், அது அவ்வை. ஔவையார் என்னும்போது வரும் அதே அவ்வை. கன்னடத்தில் தாயை அவ்வ என்பார்கள், தெலுங்கில் பாட்டியை அவ்வா என்பார்கள். திருவள்ளுவர், பொறாமை கொண்டவனைத் திருமகள் தன் தவ்வையிடம் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்கிறாரே, அந்தத் தவ்வையும் இதே குடும்பத்துச் சொல்தான். அதற்கு மூத்தவள், தமக்கை என்று பொருள். முன்பாதியான குந்தம், வடமொழியில் மல்லிகை இனத்துப் பூவைக் குறிக்கும். மூத்தவள் என்ற பொருள் இப்பெயருக்குள் இருப்பதை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதற்குத் திரும்பி வருவேன்.

இப்பெயர் நம் ஊரில் பிறந்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே ஒரு குந்தவ்வை இருக்கிறார். அவர் கங்க அரசன் பிருதிவிபதியின் மகள். வாண குலத்து அரசனுக்கு வாழ்க்கைப்பட்டவர். அடுத்த நூற்றாண்டில் சோழர் வீட்டிலேயே ஒரு குந்தவை வருகிறார். அவர் அரிஞ்சய சோழரின் தேவியருள் ஒருவரான வீமன் குந்தவை. கணவர் மறைந்த பிறகு அவர் அளித்த அறக்கொடையை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழரைப் பெற்றவர் கல்யாணி என்று அன்பில் செப்பேடு கூறுவதால், வீமன் குந்தவை அவருக்குச் சிற்றன்னை முறை. அந்தச் சுந்தர சோழர் தம் மகளுக்குக் குந்தவை என்று பெயரிட்டார். பாட்டி முறையில் இருந்தவரின் பெயர் பேத்திக்கு வந்தது. அந்தப் பேத்திதான் முதலாம் இராசராசரின் தமக்கை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி, நாம் எல்லாரும் அறிந்த குந்தவைப் பிராட்டியார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இது நான் பல ஆண்டுகளாக மனத்தில் போட்டு வைத்திருக்கும் செய்தி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இவருடைய பெயர் எவ்வாறு பொறிக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? இராசராச தேவரின் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார் என்று இருக்கிறது. பராந்தகன் என்பது சுந்தர சோழரின் இன்னொரு பெயர், அதாவது தந்தையின் பெயர். தம்பியின் உறவு சொல்லப்படுகிறது, கணவரின் உறவும் சொல்லப்படுகிறது. ஆனால் பெயரோடு ஒட்டி முன்னால் நிற்பது தந்தையின் பெயர்தான். இன்றைய வழக்கப்படி எழுதினால் ப. குந்தவை. வீமன் குந்தவை என்பதும் அவ்வாறே வீ. குந்தவை. திருமணமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்பும் அவர்களுடைய முதலெழுத்தை எவரும் மாற்றவில்லை.

எனக்குத் திருமணம் ஆன பிறகு, ஓர் அலுவலகத்தில் என் பணிப்பதிவேட்டில் தந்தையின் முதலெழுத்தை அடித்துவிட்டுக் கணவரின் முதலெழுத்தை எழுதினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சான்றிதழ்களில் ஒன்றும் பதிவேட்டில் ஒன்றுமாக இருந்ததால், ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்தபோது நான் பட்ட அலைச்சல் கொஞ்சமன்று. குடும்ப அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் அலைந்த பெண்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை மறுபடியும் சொல்கிறேன்: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, தஞ்சையில், மணமான ஓர் அரசகுலப் பெண்ணின் பெயர் தந்தையின் முதலெழுத்தோடு கருங்கல்லில் வெட்டப்பட்டது, கணவர் பெயரும் பக்கத்திலேயே மரியாதையாக இருந்தது.

சரி, பெரிய கோயிலுக்கே போவோம். நான் பணியில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கும்பகோணத்திலிருந்து பேருந்தில் அங்கே அழைத்துச் செல்வதுண்டு. விமானத்தைச் சுற்றி அடித்தளம் முழுவதும் எழுத்து ஓடுகிறது. பிள்ளைகள் அண்ணாந்து உச்சியைப் பார்ப்பார்களே தவிர, இடுப்பளவில் இருக்கும் எழுத்தைப் பார்க்கமாட்டார்கள். ஆகவே ஒரு வேலை கொடுப்பேன்: அவரவருக்குப் படிக்க வருகிற ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். ககரமும் னகரமும் இன்றைய வடிவத்திலிருந்து சற்று விலகியிருந்தாலும், பொறுமையாகப் பார்த்தால் சில சொற்கள் பிடிபடும். ஓர் ஆண்டு, வீட்டில் மூத்தவளாகப் பிறந்து இரண்டு தம்பிகளைக் கவனித்துக்கொண்டே படிக்க வந்த ஒரு மாணவி, சுவரை ஒட்டி வெகுநேரம் நின்றாள். வெயிலில் கல் கொதிக்கிறது, மற்ற பிள்ளைகள் மர நிழலுக்குப் போய்விட்டார்கள், அவள் அசையவில்லை. நான் அருகில் சென்றபோது, கல்லைத் தொடாமல் விரலைக் காற்றில் நகர்த்திக்கொண்டே, "டீச்சர், அக்கன்னு இருக்கு. அக்காவா?" என்று கேட்டாள்.

ஆம், அக்காதான். அங்கே இருக்கும் தொடர் இது: "நாங் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று இராசராசர் ஆணையிடுகிறார். தாம் எடுப்பித்த கோயிலுக்குத் தாம் கொடுத்தவை, அக்கா கொடுத்தவை, தம் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை. அரசருக்கு அடுத்த இடம் அக்காவுக்கு. பட்டமும் இல்லை, விருதும் இல்லை. வீட்டில் அழைக்கும் உறவுமுறை அப்படியே ஆணையில் ஏறியிருக்கிறது. குந்தவை என்ற பெயருக்குள் மூத்தவள் இருக்கிறாள் என்று முன்பு சொன்னேனே, அவள் இங்கே அக்கனாகவே நிற்கிறாள். அந்த மாணவி அன்று திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லைத் தன் நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கொடுத்தன என்று இல்லை, குடுத்தன என்று இருக்கிறது. நான் முப்பது ஆண்டுகள் மாணவர்களின் கட்டுரைகளில் குடுத்தான் என்பதைச் சிவப்பு மையால் கொடுத்தான் என்று திருத்தி வந்தேன். எழுத்து வழக்கு அதுதான், திருத்தியது சரிதான். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் இன்று ஒலிக்கும் அதே ஒலியில் ஓர் அரசரின் குரல் கல்லிலிருந்து வருகிறது என்பதை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நாங் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அந்த அக்கா என்ன கொடுத்தார்? உமாபரமேசுவரியின் திருமேனிகளோடு, பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று அழைக்கப்பட்ட தம் தந்தை சுந்தர சோழருக்கும், தம் தாயாருக்கும் படிமங்கள் செய்து அக்கோயிலில் வைத்தார். பொன் நகைகளை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்துக் கொடுத்தார். வழிபாடு நிற்காமல் நடப்பதற்காக ஊர்ச்சபைகளிடம் காசை முதலாக வைத்து, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை வருமாறு ஏற்பாடு செய்தார். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. முதல் கரையக்கூடாது, வட்டியில்தான் செலவு நடக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு, வீட்டு நெல்லை விதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு அளக்கும் நம் பெண்களின் கணக்கேதான். தம்பி மறைந்து தம்பி மகன் இராசேந்திரர் ஆளும்போதும் அவர் பழையாறை அரண்மனையில் இருந்துகொண்டு அறம் செய்தார். தஞ்சையில் தந்தையின் பெயரால் விளங்கிய சுந்தர சோழ விண்ணகர ஆதுலர் சாலை என்ற மருத்துவச் சாலைக்கு நிலம் அளித்தார். பட்டீசுவரத்திலிருந்து முடிகொண்டான் ஆற்றுப் பக்கம் போகிறவர்களுக்குப் பழையாறை வழியில்தான் இருக்கிறது.

இனிப் பெயரின் பயணத்தைத் தொடர்வோம். தாளும் எழுதுகோலும் தேட வேண்டாம், மெதுவாகவே சொல்கிறேன். இராசராசர் தம் மகளுக்கு அக்காவின் பெயரை வைத்தார். அத்தையின் பெயர் மருமகளுக்கு வந்தது. இந்த இளைய குந்தவை கோதாவரிக் கரைக்கு, வேங்கி நாட்டு விமலாதித்தருக்கு மனைவியாகிப் போனார். அங்கே பிறந்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர் கிடைத்தது: இராசராச நரேந்திரன். தெலுங்கில் மகாபாரதம் பாடத் தொடங்கிய நன்னயரை ஆதரித்த அரசர் இவரே. அதாவது தெலுங்கின் ஆதிகவியைப் போற்றியவர் நம் தஞ்சைப் பெண் குந்தவையின் பிள்ளை. அவர் தம் மகளுக்குத் தம் தாயின் பெயரை இட்டார். மறுபடியும் ஒரு குந்தவை. பாட்டி, இராசராச சோழரின் மகள் குந்தவை. பேத்தி, இராசராச நரேந்திரரின் மகள் குந்தவை. இருவருக்கும் பெயரும் ஒன்று, முதலெழுத்தும் ஒன்று. பெயர்த்தி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

அந்தப் பேத்தியின் உடன்பிறந்தவர்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கர். 1114இல் சிதம்பரத்தில் இராசராசன் குந்தவை ஆழ்வார் என்ற பெயரில் அந்தப் பேத்தி ஐம்பது கழஞ்சுப் பொன்னில் ஒரு பாத்திரம் அளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. காவிரியிலிருந்து கோதாவரிக்குப் போன பெயர், நூறாண்டு கழித்துக் கொள்ளிடத்தைத் தாண்டினால் எட்டிவிடும் தில்லைக்குத் திரும்பி வந்துவிட்டது. அரசர்கள் முடிசூடும்போதெல்லாம் பரகேசரி என்றும் இராசகேசரி என்றும் மாறி மாறிப் பட்டம் பூண்டார்கள். பெண்களுக்கும் செம்பியன் மாதேவி, பஞ்சவன் மாதேவி என்ற சிறப்புப் பெயர்கள் உண்டு. குந்தவை அப்படிப்பட்ட பட்டமன்று. தொட்டிலில் இட்டு, கடைசிவரை கூடவே வந்த பெயர்.

நிலையத்தார் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். தஞ்சையில் 1966இல் தொடங்கப்பெற்ற குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரியைப் பற்றியும், அங்கே படித்த என் மாணவிகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன், அதற்கு நேரமில்லை. திண்டிவனத்திற்கு அருகில் உள்ள தாதாபுரத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று இராசராசபுரம் எனப்பட்ட அவ்வூரில் இராசராசரின் தமக்கை மூன்று கோயில்கள் எடுப்பித்தார். திருமாலுக்கு எடுத்தது குந்தவை விண்ணகர். சமணர் வழிபடும் அருகனுக்கு எடுத்தது குந்தவை ஜினாலயம். சிவனுக்கு எடுத்ததற்கு மட்டும் அவர் தம் பெயரை வைக்கவில்லை. அதற்கு இரவிகுல மாணிக்க ஈசுவரம் என்று பெயர். இரவிகுல மாணிக்கம் என்பது தம்பி இராசராசரின் விருதுப்பெயர்.

வணக்கம்.