ஓடைக்கரைக்கு மருந்தடிக்காதீர்கள்

நேயர்களே, வணக்கம். தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையையும் அதன் கரையையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பேராக்கில் எங்கள் தோட்டப்பட்டணத்தில் மட்டுமில்லை, கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய பல தாமான்களில் இப்படி ஒரு துண்டு நிலம் உண்டு. மூங்கில் புதர், ஒரு தூங்குமூஞ்சி மரம், தண்ணீரோரம் காங்கோங் கீரை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புல் உயர்ந்தாலே கை பரபரக்கும். நம் அம்மாக்கள் முதுகில் பம்பைச் சுமந்து நிரை நிரையாகக் களைக்கொல்லி மருந்தடித்தவர்கள். பாராகுவாட் பட்டு நகம் கெட்டுப்போன விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்துக்கு 2020-இல் மலேசியாவில் முழுத் தடை வந்துவிட்டது, ஆனால் மருந்தடிக்கும் பழக்கம் நம்மோடு தாமானுக்குக் குடிவந்துவிட்டது.

எங்கள் தாமானில் ஒரு கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்கிற துப்புரவு வேலை. காலையில் நாசி லெமாக், அப்புறம் பாராங் கத்தி, புல் வெட்டும் மெஷின் என்று வேலை நன்றாகத்தான் போனது. பாதியில் ஓர் அண்ணன் பம்போடு வந்து, "எதுக்கு எல்லாரும் வெயில்ல கிடந்து கஷ்டப்படுறீங்க" என்று ஓடை வளைகிற இடம் முழுக்க அடித்துவிட்டார், நல்ல மனதோடுதான். ஒரு வாரத்தில் புல் வைக்கோல் நிறமாகிவிட்டது. வருஷக் கடைசி மழையில் அந்த வளைவுக் கரை பாளம் பாளமாக இடிந்தது. மேலே நின்ற வேலிக்கம்பம் கம்பியில் தொங்கியது. பத்தடி தள்ளி, மெஷினால் வெட்டிய கரை அசையவில்லை. வெட்டினால் வேர் மண்ணுக்குள் இருக்கும். மருந்தடித்தால் வேரும் சாகும், மண்ணைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. இடிந்த மண் ஓடையை மேடாக்கும், அடுத்த மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் அல்லூர் என்கிற வடிகால் வழியாக நம் வீட்டுக்குள் வரும்.

"புல் இருந்தா டெங்கி வரும்" என்பார்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில், அதாவது பழைய டயரில், பூச்சட்டித் தட்டில், பின்வாசலில் கிடக்கும் ஐஸ்கிரீம் டப்பாவில். ஓடுகிற ஓடையில் இல்லை. முதலில் டப்பாவைக் கவிழ்ப்போம். அப்புறம் கரைக்குப் போய் நடைபாதையை மட்டும் வெட்டுவோம், தண்ணீரோரம் இரண்டு எட்டு வைக்கிற அகலத்துக்குப் புல்லை விட்டுவிடுவோம். மருந்து வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன், மருந்து வேண்டாம்.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சரி, மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மரம்: தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை, பட்டுப்போனது, ஆபத்தானது போன்ற காரணங்கள் இல்லாமல், ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது, அது 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம். நிலம்: தாமான் கட்டும்போது 10 விழுக்காடு திறந்த வெளிக்கு விட வேண்டும் என்பது திட்ட வழிகாட்டி, ஆனால் பிளானில் பச்சையாகக் காட்டியிருந்தால் மட்டும் போதாது, தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்கீழ் கெசட் ஆகியிருக்க வேண்டும், அதாவது பொதுப் பயனுக்கு ஒதுக்கியதாக அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். உங்கள் குடியிருப்பாளர் சங்கத்தில் இருவர் லாட் நம்பரோடு நில அலுவலகத்துக்குப் போய், கெசட் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால் அன்றைக்கே மனு எழுதிக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.