பாட்டி ஏன் செத்தார்? ஒரு ஜக்கு தண்ணீரும் மூன்று நாள் முகாமும்

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குரல் கரகரவென்றுதான் இருக்கும். மூன்று நாள் வெட்டவெளியில் கத்திவிட்டு வந்திருக்கிறேன். நடுவில் குக்கர் விசில் கேட்டால் அது பக்கத்து வீடு, கண்டுகொள்ளாதீர்கள்.

நான் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். இந்தப் பருவத்தில் ஒரு பாடம்: போர், பேரிடர் என்று மக்கள் கூட்டமாக இடம்பெயரும்போது எப்படி உதவுவது. இதற்கும் பல்கலைக்கழகப் படிப்பா, நல்ல மனசும் நாலு பேர் கையும் இருந்தால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். போன வாரம் வரை எனக்கும் பாதி அந்த எண்ணம்தான்.

இதன் செய்முறைத் தேர்வு ஒரு மைதானத்தில் நடந்தது. ஐயாயிரம் பேர் எல்லை தாண்டி வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் நின்றது முதலாண்டு மாணவர்கள் முப்பது பேர். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை: கர்ப்பிணி, கால் உடைந்தவர், குழந்தையைத் தொலைத்த அப்பா என்று. எங்கள் குழுவுக்குத் தண்ணீரும் கழிப்பறையும்.

நாங்கள் கணக்கில் புலிகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், ஐயாயிரம் பேருக்கு 75,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் ஏழு நடை. முதல் கட்டத்தில் ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பறை என்றாலும் நூறு குழி வெட்ட வேண்டும். நீர் எடுக்கும் இடத்திலிருந்து குழி 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அந்த முப்பது மீட்டரை எங்கிருந்து அளப்பது என்று சண்டை. ஒரு மணி நேரம். டேப்பைப் பிடித்துக்கொண்டு நான்தான் அதிகமாகக் கத்தினேன்.

அப்போது தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு 'பாட்டி' வந்தார். நல்ல உயரமான பையன், மீசை வேறு. அட்டையில் '65 வயது, காலையிலிருந்து பேதி' என்று எழுதியிருந்தது. "அம்மாடி, குடிக்க ஏதாவது இருக்கா?" என்றார். பதிவு மேசைக்குப் போங்க பாட்டி என்றேன். மறுபடி வந்தார். லாரி வருது பாட்டி என்றேன். மூன்றாவது முறை வந்தபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் நடுவர் வந்து அந்த அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் ஒரே சொல்: 'இறப்பு'.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதாவது பேதியில் போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொடி, வந்த அட்டைப்பெட்டி எங்கள் கூடாரத்திலேயே இருந்தது. பிரிக்கவே இல்லை. நான் அதன் மேல் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ராத்திரி எங்கள் பேராசிரியர் யாரையும் திட்டவில்லை. அந்தப் பெட்டியைக் காலால் தட்டிவிட்டு, "இது எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அன்று கேட்டதோடு, வந்த பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1971. வங்கதேச விடுதலைப் போர். சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்க எல்லையில் போங்காவ் என்ற ஊர். மழைக்காலம், முகாம்களில் காலரா. காலராவில் பேதியாகப் போகிற வேகத்துக்கு உடம்பில் இருக்கிற தண்ணீரும் உப்பும் சில மணி நேரத்தில் வற்றிவிடும். அன்றைக்கு முறையான சிகிச்சை என்றால் நரம்பு வழியாக ஏற்றும் சலைன்தான். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு குழுவோடு போங்காவ் போனார். மருத்துவமனையில் இரண்டு அறை, தரை முழுக்க நோயாளிகள். வாந்தியும் பேதியும் கிடந்த தரையில் மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. கையிருப்பு சலைன் சீக்கிரமே தீர்ந்துபோகும் நிலை.

வாய் வழியாகக் கொடுத்தாலே போதும் என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம்தான். வெறும் உப்புத் தண்ணீரைக் குடல் சரியாக உறிஞ்சாது. கூடவே குளுக்கோஸ் இருந்தால் அது உப்பையும் இழுத்துக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். டாக்கா காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் 1968-லேயே நோயாளிகளிடம் இதைக் காட்டியிருந்தார்கள். ஆனால் அது மருத்துவமனைப் படுக்கை, பக்கத்திலேயே டாக்டர், குறிப்பேடு எல்லாம் இருந்த இடம். ஒரு குவளையைக் கையில் கொடுத்து, நீயே உன் மனைவிக்குக் கொடு என்று முகாமில் விட்டால் வேலை செய்யுமா? யாருக்கும் தெரியாது.

மஹலனாபிஸ் விட்டார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் எடை போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வாயை இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டினார்கள். ஆமாம், துணி தேய்க்கிற அதே இஸ்திரிப் பெட்டி! முகாமில் பீப்பாய்களில் கரைத்துக் குழாய் வைத்துவிட்டார்கள். நோயாளியின் அம்மா, புருஷன், அண்ணன் என்று யாராவது குவளையோடு வந்து பிடித்துக்கொண்டு போய் ஊட்டினார்கள். சலைன் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் என்று எல்லோரும் நினைத்ததால், இதற்கு 'வாய்வழி சலைன்' என்று பேர் வைத்தாராம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. மருந்து பாதி, பேர் பாதி.

அதற்கு முன்னால் நூற்றுக்கு 20, 30 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழு கவனித்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இறப்பு 3.6 சதவீதம்.

ஆராய்ச்சி என்று பார்த்தால் இதில் பெரிய ஓட்டை உண்டு. பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது? சலைன் இல்லாத இடத்தில், இருக்கிற ஒரே மருந்தையும் பாதிப் பேருக்கு மறுப்பதா? மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. 1973-இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் சொந்த மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 1978-இல் லான்செட் மருத்துவ இதழ் இந்தச் சிகிச்சையை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது. மஹலனாபிஸ் 2022-இல் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த வருஷம், அவர் போன பிறகு. நம் ஊர் வழக்கம்தானே.

இங்கேயே முடித்தால் சந்தோஷமான கதை. ஆனால் பேராசிரியர் பெட்டியை இன்னொரு தட்டு தட்டினார்.

1994 ஜூலை. ருவாண்டாவிலிருந்து சில நாட்களுக்குள் ஐந்து முதல் எட்டு லட்சம் பேர் அன்றைய ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரத்துக்கு வந்தார்கள். எரிமலைப் பாறை நிலம். கழிப்பறைக்கும் குழி வெட்ட முடியாது, புதைக்கவும் வெட்ட முடியாது. முதல் வாரத்தில் சுத்தமான தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 0.2 லிட்டர். எங்கள் 15 லிட்டர் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு டம்ளர்! முதல் மாதத்தில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவும் சீதபேதியும். பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு சாவு என்றாலே நெருக்கடி நிலை என்பது இந்தத் துறையின் அளவுகோல். கோமாவில் அது 20-க்கும் மேல்.

உதவிக்கு ஆள் இல்லையா என்றால், நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் குவிந்திருந்தன. ஓ.ஆர்.எஸ். அப்போது உலகத்துக்கே தெரிந்த மருந்து. சரியாகக் கவனித்தால் காலராவில் நூற்றில் ஒருவர்கூடச் சாக வேண்டியதில்லை. இருந்தும் கோமாவில் சில சிகிச்சை இடங்களில் 22 சதவீதம் வரை இறந்தார்கள். போங்காவில் 3.6, இருபத்துமூன்று வருஷம் கழித்து 22. ஏன்? அதே டாக்காவிலிருந்து காலரா அனுபவமுள்ள ஒரு குழு அங்கே போனது. 1995-இல் லான்செட்டில் அவர்கள் எழுதிய கட்டுரையின் கேள்வியே அதுதான். உடம்பு இழந்த நீரை ஈடுகட்டுவது மெதுவாக நடந்திருக்கிறது. தவறான திரவம் ஏற்றியிருக்கிறார்கள். வாய்வழிக் கரைசலைப் போதுமான அளவு கொடுக்கவில்லை. கடும் காலராவைக் கையாண்ட பழக்கம் பலருக்கு இல்லை.

இதைக் கேட்டதும் என் காது சுட்டது. மருந்து இருக்கிறது, ஆளும் இருக்கிறது. பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோமாவுக்குப் பிறகுதான் தொண்டு நிறுவனங்கள் கூடி, உதவிக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுக்க 1997-இல் ஸ்பியர் என்ற திட்டத்தை ஆரம்பித்தன. நாங்கள் சண்டை போட்ட 15 லிட்டர், ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரை, இதெல்லாம் அந்தத் திட்டத்தின் கையேட்டில் இருப்பவை. பல்கலைக்கழகங்களும் இதைத் தனிப் பாடமாகவே நடத்துகின்றன. ஹார்வர்டில் 2005-இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். மாசசூசெட்ஸில் ஒரு காட்டுக்குள் கூடாரம் போட்டு, துப்பாக்கிக்காரர்கள் வேஷத்தில் ஆட்களை விட்டு மாணவர்களைத் திணறடிப்பார்கள். நம் நாட்டில் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் ஆய்வுக்குத் தனிப் பள்ளியே இருக்கிறது.

ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முகாமில் மாணவி ஒருத்திக்குக் குழந்தையைத் தொலைத்த அம்மா வேஷம். மூன்று நாளில் ஏழு குழுக்கள் அவளிடம் போய் அதே கேள்வியைக் கேட்டன. பேர், வயது, எப்போது, எங்கே. ஏழாவது குழுவிடம் அவள் நிஜமாகவே எரிந்து விழுந்தாள், நடிப்பில்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் எத்தனை பேர் கையில் படிவத்தோடு போயிருப்பார்கள் என்று அன்று ராத்திரி யோசித்தேன். எழுதிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து, நீங்கள் சொன்னதில் இது தெரிந்தது என்று சொல்லியிருப்பார்கள்?

சரி, ரொம்ப நேரமாக என் முன்னால் இருக்கிற இந்தத் தண்ணீர் ஜக்கு வீடியோவில் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கரைசலை வீட்டுப் பொருள்களை வைத்தே செய்து காட்டத்தான் வைத்தேன். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை ஆறு டீஸ்பூன், தலை தட்டி. குவியலாக அள்ளாதீர்கள், சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். உப்பு அரை டீஸ்பூன், அதுவும் தலை தட்டி. பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்தான் நல்லது, இது கிடைக்காத நேரத்துக்கு. வாந்தி எடுத்தாலும் நிறுத்தாமல் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். கண் குழிந்து, ஆள் சோர்ந்து போனால் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்.

குடித்துப் பார்க்கிறேன்... ம். கரிக்கவில்லை.

அந்தப் பாட்டிப் பையனை நேற்று கேன்டீனில் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். "இப்பவாவது குடிக்க ஏதாவது கிடைச்சுதே அம்மாடி" என்றான்.