மாக்விச்சும் எங்கள் அணிதான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

1860 டிசம்பரில் வாரத் தொடராக வரத் தொடங்கிய நாவல், சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. அதன் நாயகன் பிப் என்ற அனாதைப் பையனை ஆளாக்கியது பெரிய இடத்துச் செல்வாக்கா, உடனிருந்தவர்களின் நட்பா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய தோழி செல்வாக்குக்காக வெளுத்து வாங்கிவிட்டார். மிஸ் ஹாவிஷாம் என்ற பணக்காரச் சீமாட்டியின் வீட்டுப் படியை மிதிக்காவிட்டால் பிப்புக்குப் பெரிய மனிதனாகும் கனவே வந்திருக்காதாம். மாக்விச் என்ற பழைய கைதி ஆஸ்திரேலியாவிலிருந்து மறைமுகமாகப் பணம் தராவிட்டால் கென்ட் சதுப்புநிலத்துக் கொல்லுப்பட்டறையிலேயே துருத்தி ஊதிக்கொண்டிருப்பானாம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அவனை லண்டனுக்கு வண்டி ஏற்றியது செல்வாக்குதான். வண்டி ஏற்றுவதும் ஆளாக்குவதும் ஒன்றா, நடுவர் அவர்களே?

ஜோவைப் பாருங்கள். பிப்பின் அக்காள் கணவர், கொல்லர். கிறிஸ்துமஸ் விருந்தில் வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தச் சின்னப் பையனுக்கு உபதேசம் செய்கிறார்கள்: நன்றி கெட்ட பயல், வளர்த்த அக்காளுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று. ஜோவுக்கு மனைவியை எதிர்த்துப் பேசத் தைரியம் கிடையாது. என்ன செய்கிறார்? கிரேவியை அள்ளிப் பையனின் தட்டில் ஊற்றுகிறார். திட்டு ஏற ஏறக் கிரேவியும் ஏறுகிறது! வாயைத் திறக்காமல் 'நான் இருக்கிறேன்டா' என்று சொல்லத் தெரிந்த மனிதர் அவர்.

அதே ஜோ லண்டனுக்குப் பார்க்க வந்தபோது பிப் என்ன நினைத்தான் தெரியுமா? பணம் கொடுத்து இவரை வரவிடாமல் செய்ய முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்று அவனே சொல்கிறான். எதிரணி தூக்கி வைத்து ஆடுகிற செல்வாக்கு அவனை ஆக்கி வைத்த லட்சணம் இது. கடைசியில் நகைக்கடைக் கடன் 123 பவுண்ட் 15 ஷில்லிங் 6 பென்ஸுக்காக அவனைக் கைது செய்ய ஆள் வந்தது. அப்போது பிப் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர் ஜோ. கடனையும் அடைத்துவிட்டு, சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிப் போனவரும் ஜோ.

அப்புறம் ஹெர்பர்ட், பிப்பின் லண்டன் நண்பன். பிப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்கியவர் ஹெர்பர்ட்டின் அப்பா. ஆனால் சபையில் சாப்பிடக் கற்றுக்கொடுத்தது மகன், இலவசமாக! மிஸ் ஹாவிஷாமின் பழைய கதையைச் சொல்லிக்கொண்டே, நடுநடுவே, 'லண்டனில் கத்தியை வாய்க்குள் விடுகிற வழக்கமில்லை, விபத்தாகிவிடும் பாருங்கள்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறான். கேட்பவனுக்கு வெட்கமாக இருக்கக்கூடாதாம். இந்த நயம் எந்தப் பணக்காரனின் கஜானாவிலிருந்து வந்தது?

எனக்குப் பின் பேச வருகிற எதிரணி நண்பர் ஒரு துருப்புச் சீட்டு வைத்திருக்கிறார் என்று அவர் சிரிப்பிலேயே தெரிகிறது. ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல் பிப் ஒரு வணிக நிறுவனத்தில் பங்கு வாங்கித் தந்தானே, அது யார் காசு என்பார். பிப்புக்கு 21 வயதானபோது கைக்கு வந்த 500 பவுண்டில் பாதி அதற்குப் போனது. மீதித் தவணைக்கு மிஸ் ஹாவிஷாம் தந்தது 900 பவுண்ட். ஆமாம் ஐயா, எல்லாம் உங்கள் ஆட்கள் காசுதான்! தனக்கென்று செலவழித்ததெல்லாம் கடனில் முடிந்தது. நண்பனுக்காகப் போட்ட பணம் மட்டும் நிலைத்தது. சொத்தெல்லாம் போய் நின்ற பிப்பைக் கெய்ரோவுக்குக் குமாஸ்தாவாக அழைத்ததும் அதே நிறுவனம்தான், அதே ஹெர்பர்ட்தான். அங்கே உழைத்துத்தான் அவன் மற்றக் கடன்களை அடைத்தான். பல வருடம் கழித்துத்தான் பங்குதாரரானான். போகட்டும், தான் செய்த ஒரே நல்ல காரியம் ஹெர்பர்ட்டுக்குச் செய்ததுதான் என்று பிப்பே சொல்கிறானே!

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, மாக்விச்சோடு முடிக்கிறேன்.

அத்தனை பணம் கொடுத்த மாக்விச் நேரில் வந்து நின்றபோது பிப் அருவருத்து ஒதுங்கினான். வருடக்கணக்காகக் கொட்டிய பணம் ஒரு துளி அன்பை வாங்கித் தரவில்லை. பிறகு, நாடு கடத்தப்பட்டும் திரும்பி வந்த குற்றத்துக்காகத் தேம்ஸ் நதியில் அவர் பிடிபடுகிறார், காயப்படுகிறார், சொத்து முழுவதும் அரசுக்குப் போகப் போகிறது. நீதிமன்றத்தில் 32 பேருக்கு ஒரே நேரத்தில் மரண தண்டனை விதிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த மாக்விச்சின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? பிப்! பணம் போய்விட்டது என்று தெரிந்தால் கிழவர் மனம் உடைந்துவிடும் என்று அதைக் கடைசிவரை அவரிடம் சொல்லாமல் காப்பாற்றியதும் பிப்.

கையில் காசு இருந்தவரை மாக்விச் உங்கள் அணியில் இருந்தார் தோழி, வைத்துக்கொள்ளுங்கள். காசு போனபிறகு அவர் எங்கள் அணிக்கு வந்துவிட்டார். ஆள் எண்ணிக்கையில் எங்களுக்கு ஒருவர் கூடுதல் என்பதை நடுவர் குறித்துக்கொள்ளுமாறு கேட்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.