குளக்கட்டின் கீழே ஒரு லயம்

(ஹட்டனில் ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மவுஸ்ஸாகலையில் தண்ணீர் வற்றினால் நம் ஆட்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறார்கள். மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். கொத்மலையில் வான்கதவு திறந்தால் வானொலியில் சொல்லிவிடுவார்கள். பெரிய அணைக்கு ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது, கணக்கு வைக்க ஒரு கந்தோர் இருக்கிறது. நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. உங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேக்டரிக்கு மேலேயோ நாற்றுமேடைக்குப் பக்கத்திலேயோ ஒரு குளம் இருக்கும். ஒரு ஏக்கர், மிஞ்சினால் இரண்டு ஏக்கர். முன்னால் மண்ணால் ஒரு கட்டு. அதைப் பற்றித்தான்.

நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். உத்தியோகம் பார்த்தது வடக்கே வன்னியில், குளக்கட்டுகளின் மேல். வன்னியில் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடத்தை வான் என்பார்கள். "குளம் வான் பாயுது" என்றால் ஊரே சந்தோஷப்படும். மதகைத் துருசு என்பார்கள். தோட்டத்தில் எங்களிடம் இதற்கெல்லாம் பேரே கிடையாது. "தண்ணி வழியுற எடம்", "பைப்பு இருக்குற எடம்", அவ்வளவுதான். பேர் இல்லாத சாமானை யாரும் பழுதுபார்ப்பதில்லை.

மண்கட்டு என்றாலே பயம் என்று நினைக்க வேண்டாம். கண்டி வாவி மண்கட்டுத்தான். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்துக் கட்டியது. நல்ல களிமண், அடுக்கடுக்காக இறுக்கின வேலை, தண்ணீர் வழிய ஒழுங்கான வழி, பார்க்க ஓர் ஆள். இந்த நாலும் இருந்தால் மண் இருநூறு வருஷம் நிற்கும்.

சின்னக் குளத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்டால், தை மாசி பங்குனியில், ஊற்றுத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். குடம் நிறையக் கால் மணி நேரம். மேலே குளம் இருக்கும் டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) மட்டும் பீலி மெலிந்தாலும் நிற்காது, ஏனென்றால் குளம் மண்ணுக்குள் தண்ணீரை இறக்கிக்கொண்டே இருக்கிறது. வெலிமடைப் பக்கம் மரக்கறிக்கும் அதுதான் உயிர். மழையில் அடித்துவரும் சேற்றில் ஒரு பங்கையும் பிடித்து வைக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லாததால் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சின்னக் குளம்தானே என்கிறோம். ஒரு ஏக்கர் குளம், சராசரி இரண்டு மீட்டர் ஆழம். கிட்டத்தட்ட 8,000 கனமீட்டர். தண்ணீர் ஒரு கனமீட்டர் ஒரு டொன். அப்படியானால் லயத்துக்கு மேலே 8,000 டொன் நிற்கிறது. வன்னியில் கட்டு உடைந்தால் தண்ணீர் வயலில் பரவும். இங்கே பரவ இடம் ஏது? ஓடைக்குள் இறங்கி, கல்லையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு, நேரே கீழே வரும்.

பரந்த இடத்திலேயே என்ன நடந்தது என்று தெரியும்தானே. கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை உடைந்தது. 120க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மன்னர் காலத்துக் குளம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்ற கட்டு, ஆட்கள் தூக்கத்தில் இருந்த நேரத்தில் போனது.

மண்கட்டு சாவதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, தண்ணீர் கட்டுக்கு மேலால் ஏறி வழிவது. மற்றது, உள்ளால் துளைத்துக்கொண்டு வருவது.

மேலால் வழிவதற்குக் காரணம் அநேகமாக வான்தான். குளத்துக்கு மேலே 50 ஏக்கர் மலை என்று வையுங்கள். ஒரு ராத்திரியில் 100 மில்லிமீட்டர் மழை. நம் பக்கத்துக்கு அது பெரிய விஷயமா? அந்த மழையில் பாதி ஓடிவந்தாலே 10,000 கனமீட்டர். குளத்தின் கொள்ளளவை விட அதிகம்! ஏற்கெனவே நிறைந்த குளம் என்றால் வந்த அத்தனையும் வான் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வானில்தான் நாம் பலகை வைத்து உயர்த்துகிறோம், கோடையில் இன்னும் ஓர் அடி தண்ணீர் நிற்கட்டும் என்று. மீன் போகாமல் இருக்க வலை கட்டுகிறோம். மானாப்புல் வளர விடுகிறோம். நான் பார்த்த ஓர் இடத்தில் வானுக்குள் பீன்ஸ் போட்டிருந்தார்கள், நல்ல காய்ப்பு.

ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் வைகாசி மழைக்கு முன்னால் வானைத் துப்புரவாக்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெருமழை ஐப்பசி கார்த்திகையில் என்பதால் அங்கே புரட்டாசிக்குள் செய்ய வேண்டும். ஒரே சுற்றறிக்கையை இரண்டு பக்கத்துக்கும் அனுப்பினால் ஒரு பக்கத்துக்குப் பிந்தித்தான் போகும்.

இரண்டாவது வழியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகிற காலம். எங்கள் லயத்துக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு பீலி. ஒரு நாள் எங்கள் அம்மாயி குடத்தை வைத்துவிட்டுக் கையில் தண்ணீரை ஏந்திப் பார்த்தார். "என்னாடா இது, பிளேன்டீ மாதிரி வருது" என்றார். கங்காணியிடமும் போய்ச் சொன்னார்: "கங்காணி அய்யா, மூனு நாளா மழையே இல்ல, பீலி தண்ணி செவப்பா வருதுங்க." கங்காணி ஆபீசில் சொன்னார். மாதக் கடைசி, செக்ரோல் (சம்பளப் பதிவு) வேலை முடியட்டும் என்று பதில் வந்தது.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி, கட்டின் ஒரு மூலை போனது. மாட்டுப்பட்டியும் இரண்டு பசுவும் கீழே இருந்த மரக்கறிப் பாத்தி முழுவதும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயில் திருவிழா, எல்லோரும் மேல் டிவிஷனில் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது காமன் கூத்து. இன்னமும் எனக்கு அந்தத் தப்பு மேளச் சத்தம் கேட்டால் பசு ஞாபகம் வரும்.

அம்மாயி பார்த்தது என்ன? எல்லா மண்கட்டும் கசியும். தெளிந்த கசிவு வியர்வை மாதிரி, அது ஒரே அளவாக இருந்தால் பயம் இல்லை. கலங்கின கசிவு என்றால் தண்ணீர் கட்டின் உடம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு சிட்டிகை மண் போகவும் துளை பெருக்கும், துளை பெருக்க ஓட்டம் கூடும். இந்த வேலை கட்டின் வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்ளே குளத்தை நோக்கிப் போகும். எலி வளை, முள்ளம்பன்றி வளை, உள்ளே புதைத்த பழைய பைப்பின் ஓரம், வெட்டின மரத்தின் உக்கிப்போன வேர், இவைதான் அதற்குத் திறந்து வைத்த கதவுகள். அதனால்தான் கட்டில் டர்பன்டைன் மரம் நட வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். புல் போதும். புல்லிருந்தால் வளையும் கண்ணுக்குத் தெரியும்.

கலங்கல் கண்டதும் நம் ஆட்கள் செய்வது, களிமண்ணைக் கொண்டுபோய்க் கசிகிற வாயை அடைப்பது. செய்யாதீர்கள். அடைத்த தண்ணீர் உள்ளே முட்டிக்கொண்டு வேறு வழி தேடும். தண்ணீரை வர விடுங்கள், மண்ணை மட்டும் நிறுத்துங்கள். வாயின் மேல் முதலில் மணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் கல். பிளேன்டீ வடிகட்டுகிற மாதிரிதான்: சாயம் வரட்டும், தூள் நிற்கட்டும். அதோடு பைப்பைத் திறந்து குளத்தை மெதுவாக இறக்குங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் ஊறிய உட்பக்கம் சரிந்து விழும், அது இன்னொரு கேடு. ஓட்டம் கூடிக்கொண்டே போகிறதென்றால் மணலும் வேண்டாம் கல்லும் வேண்டாம், கீழே உள்ள லயத்தை எழுப்பிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குப் பேசுங்கள்.

ஒரு கிளைக்கதை. குளம் தூர்வாருகிறோம் என்று தேர்தல் நெருங்கும்போது பெக்கோ, மண் தோண்டுகிற இயந்திரம், வரும். கட்டின் அடியில் உள்பக்கம் படிந்திருக்கும் சேறு, பல வருஷம் தண்ணீர் தானே பூசிக்கொண்ட பூச்சு. அதைச் சுரண்டி எடுத்துக் கட்டின் மேலேயே இறுக்காமல் கொட்டி, "கட்டையும் உயர்த்தியாச்சு" என்று படம் பிடித்துப் போடுவார்கள். அடுத்த மழையில் பீலி சிவக்கும். தூர்வாருங்கள், கட்டிலிருந்து தள்ளி வாருங்கள். எடுத்த சேறு கொழுந்துக்கு நல்ல பசளை, அங்கே போகட்டும்.

இனி என் மனத்தாங்கல். வன்னியில் விதைப்புக்கு முன்னால் கமக்கார அமைப்பு கட்டில் நடக்கும். குளம் போனால் தன் வயல் போகும் என்பதால் நடக்கிறான், கட்டில் நடக்க அவனுக்கு உரிமையும் இருக்கிறது. தோட்டத்தில்? வெள்ளைக்காரத் துரை கட்டின குளம். 1970களில் அரசாங்கத்துக்கு வந்தது, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது. காணி கைமாறியது, பேக்டரி கைமாறியது. குளத்தின் வரைபடம் எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கட்டுக்குக் கீழே படுப்பவனுக்கோ கட்டின் மேல் ஏறக்கூட அனுமதி இல்லை, "உட்பிரவேசிக்கத் தடை" என்று பலகை நிற்கிறது. நான் கேட்பது பெரிய காசு இல்லை. ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு பேருக்கு, அதிலே ஒருத்தர் பீலிக்குப் போகிற பெண்ணாக இருக்கட்டும், வாரம் ஒரு தடவை கட்டில் நடக்க எழுத்தில் அனுமதி. அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஆபீசில் ஒரு கொப்பி.

பழகுவதற்கு ஒரு வழி காட்டுகிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு இந்த மண்டபத்துக்குக் கீழே உள்ள பாதையில் நிற்பேன், பக்கத்துத் தோட்டத்துக் குளத்தைப் பார்க்கப் போகிறோம், தோட்டத்துரையிடம் கேட்டாயிற்று. வருகிறவர்கள் வெறும் சோடாப் போத்தல் ஒன்று, கண்ணாடிப் போத்தலாக, கொண்டுவாருங்கள். கசிவில் பிடித்து, திகதி எழுதி, ஜன்னலில் வைத்து, அடியில் எவ்வளவு மண் படிகிறது என்று அடுத்த வாரப் போத்தலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புல்லில் அட்டை இருக்கும். காலில் பூச ஒரு துண்டு சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள்.