தாத்தாவின் சாவி கொடுக்கும் கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம். பீரோ லாக்கரில் பல வருடம் கிடந்த தாத்தாவின் கைக்கடிகாரம் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நம் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் எச்.எம்.டி.யாகத்தான் இருக்கும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. அந்தக் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. எச்.எம்.டி.க்கும் ஒரு தலைமுறை முந்தியது என்றால் ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று சுவிஸ் பெயர் ஏதாவது டயலில் இருக்கும். எச்.எம்.டி.யின் ஜனதா என்ற மாடலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். சாவி கொடுக்கும் எல்லாக் கடிகாரங்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

கையில் வந்ததும் எல்லோரும் செய்வது, சாவியை முழுக்கத் திருகிக் கையில் கட்டிக்கொள்வது. நான்கைந்து திருகு கொடுத்து ஓடுகிறதா என்று பாருங்கள், அத்தோடு நிறுத்துங்கள். உள்ளே போட்ட எண்ணெய் சில வருடங்களில் பிசுபிசுத்து, தூசியோடு சேர்ந்து, உரசித் தேய்க்கும் பசையாகிவிடும். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு நாளும் சக்கரங்களின் அச்சு நுனிகள் தேய்ந்துகொண்டே இருக்கும். ஓடுகிறதே, பிறகு என்ன என்று நினைத்தால் செலவுதான் கூடும்.

‘சாவி அதிகமாகக் கொடுத்துவிட்டோம், அதனால் நின்றுபோச்சு’ என்று பலரும் சொல்வார்கள். முழுச் சாவி கொடுப்பதால் நல்ல கடிகாரம் நிற்காது. சாவி இறுகியிருந்தும் முள் நகரவில்லை என்றால், எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு உடைந்திருக்கிறது என்று பொருள். அந்த அச்சின் நுனி தலைமுடிப் பருமன்தான். டயலில் பேராஷாக், இன்காப்ளாக் என்று ஏதாவது எழுதியிருந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் அந்த நுனிக்கு மேல் இருக்கிறது. அது இல்லாத பழைய சுவிஸ் கடிகாரம் மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே அச்சு போய்விடலாம்.

டயலில் 17 ஜுவல்ஸ் என்றிருப்பதைப் பார்த்து, ‘உள்ளே கல் இருக்கிறதாமே, விலை போகுமா’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆலையில் செய்த செயற்கை மாணிக்கம் அது. விற்றால் காசு பெயராது. எஃகு அச்சு பித்தளையில் சுழன்றால் துளை அகன்றுவிடும், மாணிக்கத்தில் சுழன்றால் அகலாது. அதற்காகத்தான் அந்தக் கற்கள்.

அடுத்து, பின்மூடியைப் படியுங்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் மூடி மட்டும்தான் எஃகு; உடல் பெரும்பாலும் குரோமிய முலாம் பூசிய பித்தளை. நம் ஊர் வியர்வையில் அந்த முலாம் பட்டை மாட்டும் காதுப்பக்கம் அரித்துப் பச்சை பூத்திருக்கும். அதைக் கடையில் கொடுத்துப் பளபளப்பாக்கச் சொன்னால் மிச்ச முலாமும் போய் மஞ்சள் தெரியும். தங்க முலாம் என்றால் ‘20 மைக்ரான்’ போல ஒரு கணக்கு பொறித்திருக்கலாம். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அது. எத்தனை முறை தேய்க்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூடியை வீட்டில் காய் நறுக்கும் கத்தியால் நெம்பாதீர்கள். வழுக்கினால் கத்தி முனை நேராகப் பேலன்ஸ் சக்கரத்தில் போய் நிற்கும். மெக்கானிக் திறக்கும்போது மூடியின் உட்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஊசியால் கீறிய எழுத்துகளும் தேதிகளும் இருந்தால், அவை முன்பு பழுது பார்த்தவர்கள் வைத்த குறிப்புகள். அந்தக் கடிகாரம் எந்த வருடம் எங்கே இருந்தது என்பதற்குச் சில சமயம் அது ஒன்றுதான் சாட்சி. அதைத் தேய்த்து அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், சர்வீஸ். இதற்கு இரண்டு வழி நடக்கிறது. ஒன்று, மூடியைத் திறந்து முழு மெஷினையும் பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவது. கடிகாரம் அன்றைக்கு ஓடும். ஆனால் பழைய பசை கரைந்து கல்லுக்கும் அச்சுக்கும் இடையில் போய் உட்காரும். கூடுதல் எண்ணெய் வழிந்து பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் பட்டால் அதன் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக வேகமாக ஓடும்.

சரியான வழி வேறு. முதலில், சாவி கொடுக்கும்போது இறுகும் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெல்லத் தளர்த்த வேண்டும்; இல்லாவிட்டால் சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலம் என்ற தகட்டைக் கழற்றியதும் சக்கரங்கள் தறிகெட்டுச் சுழன்று பல் உடையும். பிறகு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றிக் கழுவி, கல் துளைகளைக் கூர் சீவிய மரக் குச்சியால் துடைக்க வேண்டும். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடுத்து விடும், பாலெட் எனப்படும் கவையில் உள்ள இரண்டு கற்களும் அரக்கால் ஒட்டியவை. ஆல்கஹாலில் ஊறப் போட்டால் அரக்கு கரைந்து கல் நகர்ந்துவிடும். எண்ணெயும் ஒன்றல்ல: வேகமாக அசையும் பேலன்சுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழலும் பெரிய சக்கரங்களுக்குத் தடித்தது, சாவிப் பகுதிக்குக் கிரீஸ். பாலெட் பிவட் எனப்படும், கவையின் அச்சு நுனிகளுக்கு எண்ணெயே கூடாது. மெக்கானிக்கிடம், ‘முழுக்கக் கழற்றிச் செய்வீர்களா, பாலெட் பிவட்டுக்கு எண்ணெய் போடுவீர்களா’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘போட மாட்டேன்’ என்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

வேலை முடிந்ததும் கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த வகை மெஷின்கள் பலவும் மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து முறை துடிக்கும். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி இருக்கும்போது, பேலன்சின் வீச்சு, அதாவது அது ஆடும் கோணம், 250 பாகைக்கு மேல் இருந்தால் நல்ல வேலை. 200-க்குக் கீழே இருந்தால் ஏதோ உரசுகிறது, அல்லது மெயின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது.

டயலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ‘மங்கிவிட்டது, புது பெயின்ட் அடித்துத் தருகிறேன்’ என்பார்கள். வேண்டாம். மேலே அச்சிட்ட எழுத்து ஈரத்துணி பட்டாலே போய்விடும்; மறுபடி எழுதுபவர் கோணலாக, வேறு எழுத்துருவில் எழுதுவார். சந்தையில் புத்தம் புதிதாக, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் விற்கும் பழைய எச்.எம்.டி.க்கள் பலவும் அப்படித் திரும்ப அடித்தவைதான். கறை படிந்த அசல் டயலுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு அதிகம். கண்ணாடி வேறு கதை. அது அக்ரிலிக் பிளாஸ்டிக். கீறலைத் தேய்த்துப் போக்கலாம், புதிதும் மலிவு.

1960-க்கு முந்தைய கடிகாரத்தில் எண்களிலும் முட்களிலும் பழுப்பேறிய ஒளிர்பூச்சு இருந்தால், அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிராமல் போனாலும் கதிர்வீச்சு போவதில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 வருடம். கட்டிக்கொள்வதைவிட, உதிரும் தூசி மூச்சிலும் வாயிலும் போவதுதான் ஆபத்து. அதை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். மெக்கானிக்கிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி அன்றாடப் பயன்பாடு. காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துச் சாவி கொடுங்கள். கட்டியபடியே திருகினால் சாவியின் தண்டு வளையும். தட்டுப்படும் வரை கொடுத்து நிறுத்துங்கள். வாட்டர் புரூஃப் என்று எழுதியிருந்தாலும் ரப்பர் எப்போதோ இறுகிப்போயிருக்கும், அதனால் மழையும் குழாயடியும் ஆகாது. திடீரென்று ஒரு மணி நேரத்தில் சில நிமிடங்கள் முந்தினால், காந்தம் ஏறியிருக்கலாம். செல்போன் உறையில் உள்ள காந்தமும் ஒலிபெருக்கியுமே போதும். திசைகாட்டி பக்கத்தில் கொண்டுபோனால் அதன் முள் ஆடும். காந்தம் நீக்க மெக்கானிக்குக் கால் நிமிட வேலை. மற்றபடி, நாளுக்கு அரை நிமிடம் முன்பின் போனால் இந்த வயதுக் கடிகாரத்துக்கு அது குறையே இல்லை. அதற்காக மறுபடி மூடியைத் திறக்கச் சொல்லாதீர்கள். வணக்கம்.