18 வயதில் வாக்களிக்கும் பக்குவம் உண்டு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இளம் வயதினருக்கு வாக்களிக்கும் பக்குவம் இருக்கிறதா என்பது தலைப்பு. இருக்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "மூளை முழுசாக வளரவே 25 வயது ஆகிறது, 18 வயதுக்காரரிடம் நாட்டை எப்படி ஒப்படைப்பது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவசரத்தை அடக்குவதில் பெரும்பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடு வரை முதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் எல்லாத் திறனும் ஒரே வயதில் முதிர்வதில்லையே, நடுவர் அவர்களே!

தகவலைப் படித்து, ஒப்பிட்டு, நிதானமாக முடிவுக்கு வருவது ஒரு திறன். கோபத்திலும் நண்பர்கள் உசுப்பும்போதும் தன்னைக் கட்டுப்படுத்துவது இன்னொரு திறன். 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் திறன் 16 வயதுவாக்கிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது, இரண்டாவதுதான் 18ஐத் தாண்டியும் வளர்கிறது என்று அது காட்டியது.

வாக்களிக்க எந்தத் திறன் வேண்டும்? 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்கிறேன். திரையில் ஒரு கார் ஓடுகிறது. விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் கூடுதல் புள்ளி. சிவப்பு விழும்போது ஓடிக்கொண்டிருந்தால் சுவரில் மோதி, அந்தச் சுற்றில் சேர்த்த புள்ளியும் போய்விடும். 13 முதல் 16 வரை, 18 முதல் 22 வரை, 24க்கு மேல் என மூன்று வயதுக் குழுக்கள் ஆடின. தனியாக ஆடியபோது மூன்று குழுக்களும் எடுத்த ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவுதான். நண்பர்களைப் பக்கத்தில் உட்கார வைத்ததும் சிறுவர்களின் துணிச்சல் இரு மடங்கைத் தாண்டியது, 18–22 வயதினரிடம் ஓரளவு கூடியது, பெரியவர்களிடம் மாறவில்லை. தடுமாற வைத்தது பக்கத்தில் இருந்த கூட்டம்தான்.

இப்போது வாக்குச்சாவடிக்கு வாருங்கள். பட்டியலில் பெயர் சரிபார்க்கிறார்கள். அதன்பின் மறைப்புக்குள் ஒருவர் மட்டும் போகிறார். நண்பர் கூட வர முடியாது, அப்பா அம்மாவும் வர முடியாது. யாருக்குப் போடலாம் என்று யோசிக்க அதற்கு முன்பே வாரக்கணக்கில் நேரம் கிடைத்திருக்கிறது. நிதானமாக யோசித்து, தனியாக நின்று எடுக்கும் முடிவு இது. 18 வயதுக்காரரிடம் ஏற்கெனவே முதிர்ந்துவிட்ட திறன் எதுவோ, அதைத்தான் இந்த முடிவு கேட்கிறது.

அந்த மறைப்பு யாருக்காக வந்தது என்பதையும் எதிரணியினர் எண்ணிப் பார்க்க வேண்டும். ரகசிய வாக்குமுறையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856இல் கொண்டுவந்தன, பிரிட்டன் 1872இல் கொண்டுவந்தது. அதற்குமுன் பிரிட்டனில் யாருக்கு வாக்கு என்பதை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலக்கிழாருக்குப் பயந்து குத்தகைதாரர்கள் வாக்கை மாற்றிப் போட்டார்கள். அத்தனை பேரும் 21 வயது தாண்டியவர்கள்! அழுத்தத்துக்கு வளைவது எந்த வயதிலும் உண்டு. அதற்கு வாக்குரிமையைப் பறிக்கவில்லை, வாக்களிக்கும் முறையைத்தான் சரிசெய்தார்கள்.

"கைப்பேசியில் வருவதையெல்லாம் நம்பிவிடுகிறார்கள்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது பேஸ்புக்கில் பொய்ச் செய்தித் தளங்களின் இணைப்புகளை யார் பகிர்ந்தார்கள் என்று ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றைக்கூடப் பகிரவில்லை. ஆனால் 65 வயது தாண்டியவர்கள், சராசரியாக, மிக இளைய பிரிவினரைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு பகிர்ந்திருந்தார்கள். இதை வைத்து முதியவர்களின் வாக்கைப் பறிக்கச் சொன்னால் நான்தான் முதலில் எதிர்ப்பேன். அதே நியாயத்தை இளையவர்களுக்கும் கேட்கிறேன்.

"அப்படியானால் பக்குவத்துக்கு ஒரு தேர்வு வையுங்கள்" என்றும் சொன்னார்கள். வைத்துப் பார்த்த நாடு இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். கேள்வியைத் தேர்ந்தெடுப்பதும் விடை சரியா என்று சொல்வதும் பதிவு அலுவலரின் கையில் இருந்ததால், கறுப்பின மக்களை வெளியே நிறுத்தும் கருவியாகவே அது பயன்பட்டது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதற்குத் தடை விழுந்தது. யார் பக்குவமானவர் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஓர் அலுவலரிடம் கொடுப்பது எனக்கு அச்சம் தருகிறது. எல்லோருக்கும் ஒரே வயது என்ற கோட்டில் அந்த ஆபத்து இல்லை.

அந்தக் கோட்டை 18க்கு இறக்கியவர்களும் காரணத்தோடுதான் இறக்கினார்கள். வியட்நாம் போருக்கு 18 வயதில் அனுப்பப்பட்டவருக்கு 21 வயது வரை வாக்கில்லை என்ற அநியாயம், 1971இல் அமெரிக்க அரசியல் சட்டத்தையே திருத்த வைத்தது. இந்தியா 1989இல் 21ஐ 18 ஆக்கியது. ஆஸ்திரியா 2007இல் 16க்கே இறங்கியது. அங்கே, தங்கள் கருத்துக்குப் பொருந்தும் கட்சிக்குத்தான் வாக்களிக்கிறார்களா என்று ஆய்வாளர்கள் பார்த்தபோது, 18 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களைவிடத் தாழ்ந்துபோகவில்லை.

கடைசியாக, "உரிமை கொடுத்தாலும் வருவதில்லையே" என்ற குற்றச்சாட்டு. பல நாடுகளில் இளையவர்களின் வாக்குப்பதிவு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பெயரே பட்டியலில் இல்லாதவர் எப்படி வருவார்? இந்தியாவில் 2022 வரை ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். ஜனவரி 2ஆம் தேதி 18 நிறைவடைந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் தேர்தல் வந்தால் வாக்கில்லை. படிப்புக்காகவும் வேலைக்காகவும் இந்த வயதினர்தான் அடிக்கடி இடம் மாறுகிறார்கள். வீடு ஓரிடம், பெயர் வேறிடம். வாக்குப்பதிவு நாளன்று போய் நின்றால் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இதைப் பக்குவக் குறை என்று எழுதிவைப்பது அநீதி.

இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள். 17 நிறைந்ததும் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6இல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முகவரி மாறினால் படிவம் 8. எதிரணி நண்பர்களுக்கு இளையவர்கள்மேல் உண்மையான அக்கறை இருந்தால், இந்த இரண்டு படிவங்களையும் பள்ளி இறுதி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க எங்களோடு சேர்ந்து குரல் கொடுக்கட்டும். 18 வயதுக்குப் பக்குவம் உண்டு என்று தீர்ப்பளிக்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி.